யோசேப்பு மான்ரன் என்னும் துவக்குக் கம்மியர்

புலால் மறுத்தலைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவர் நெறியையும், உயிர்க்கிரங்கும் சைவ ஒழுக்கத்தையும் எமக்கு ஊட்டி வளர்த்த கல்லூரியின் விழா மலரிலே, பறவை சுடும் துவக்குகளைச் செய்த ஆங்கிலேயர் ஒருவரின் வரலாற்றை வரையப் புகுந்தமைக்கு அன்பர்களின் பொறுதியை முதற்கண் வேண்டுகின்றோம். வேட்டையைப் போற்றுதல் எமது நோக்கமன்று. இரும்பையும் மரத்தையும் கையிலெடுத்த ஒருவர் தமது தொழிலை எத்துணை உயரத்துக்குக் கொண்டு செல்லலாம் என்பதையும், அவ்வுயர்வு அவருக்கே சோறிடாது போகவும் கூடும் என்பதையும் மான்ரனின் வாழ்க்கையைப்போலத் தெளிவாகக் காட்டும் வரலாறு நாம் அறிந்தவற்றுள் வேறில்லை. அன்றியும், வன்னியிலே பன்றிக்கும் யானைக்கும் அஞ்சி வயல் காக்கத் துவக்கெடுத்த குடும்பங்களிலிருந்து வந்த பழைய மாணவர் பலர் எம்மிடையே உளர். அவர்களுக்கு இப்பொருள் அந்நியமுமன்று.

இங்கிலாந்தின் லிங்கன்சயர்ப் பகுதியிலே கிறந்தம் என்றொரு சந்தைப் பட்டினம் உண்டு. ஐசாக் நியூற்றன் இளமையிற் பள்ளி சென்ற ஊர் அது. அவ்வூரில் 1766ஆம் ஆண்டிலே யோசேப்பு மான்ரன் பிறந்தார். அவருடைய தமையனார் யோன் மான்ரன் அவருக்குப் பதினான்கு ஆண்டு மூத்தவர். தமையனாரே முதலில் இத்தொழிலிற் புகுந்து இலண்டன் மாநகரை அடைந்து, அந்நாளிற் பேர்பெற்றிருந்த ருவிக் என்பாரின் பட்டறையிலே தலைமைத் தொழிலாளராய் உயர்ந்து, 1781ஆம் ஆண்டில் டோவர் வீதியிற் சொந்தக் கடை திறந்தார். தம்பியாரும் அண்ணன் வழியே தொழில் கற்று, 1789ஆம் ஆண்டளவிலே தனியே பிரிந்து, பார்க்லி சதுக்கத்துக்கு அண்மையிலுள்ள டேவிஸ் வீதியிற் கடை வைத்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று.

இவ்விரு சகோதரரின் துவக்குகளும் தரத்தால் ஒன்றுக்கொன்று இளைத்தவையல்ல என்பது இக்கலை வல்லோர் கருத்து. ஆயினும், அண்ணன் கணக்கறிந்து நடந்தவர். கண்டு பிடித்தலிலும் வழக்காடுதலிலும் பொருளை இறைத்தவர் அல்லர். தம்பியோ ஓரிடத்தில் நில்லாத மனம் படைத்தவர். அண்ணன் செல்வராய் வாழ்ந்து செல்வராய் மாண்டார். தம்பியின் கதை வேறு.

மான்ரன் செய்தது யாதென அறியவேண்டுமாயின், அவர் காலத்துத் துவக்கு எவ்வாறு வேலை செய்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வெடிமருந்தும் ஈயச் சன்னமும் குழலின் வாய்வழியே இடப்பட்டுக் கோலால் இடிக்கப்படும். குழலின் அடியிலே பக்கவாட்டில் ஒரு நுண்ணிய துளை; அதனைப் பற்றுவாய் என்பர். அத்துளைக்கு வெளியே ஒரு சிறு கிண்ணம். அதிலே கொஞ்சம் மருந்து. விசையை இழுத்தவுடன், சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய குதிரை முன்னோக்கிப் பாய்ந்து, கிண்ணத்தை மூடிநிற்கும் எஃகுத் தகட்டை உரசும். தகடு விலகும், பொறி பறந்து கிண்ணத்து மருந்திற் பற்றும், அந்நெருப்புப் பற்றுவாய் வழியே உட்சென்று குழலுள் இருக்கும் மருந்தைக் கொளுத்தும், அதன் பின்னரே சன்னம் புறப்படும். இத்தனையும் ஒரு நொடியின் சிறு கூற்றில் நிகழ்ந்தாலும், விரல் அசைந்தமைக்கும் சன்னம் புறப்பட்டமைக்கும் இடையே மனிதர் உணரத்தக்க இடைவெளி ஒன்று இருந்தது. பறக்கும் கௌதாரிக்கு அவ்விடைவெளி போதும். மழை தூறினாற் கிண்ணத்து மருந்து நனைந்துவிடும்; அன்றைய வேட்டை அத்துடன் முடிந்தது. துளை புகைக்கரியால் அடைபட்டாலும், கல் முனை மழுங்கினாலும் அதே கதி.

முற்காலத்திலே ஆங்கில நாட்டார் பெரும்பாலும் நிலத்திலே அமர்ந்திருக்கும் பறவையையே சுட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டு செல்லச் செல்லப் பறக்கும் பறவையைச் சுடுதலே பெருமை என்னும் வழக்கம் பரவிற்று. அதற்கு நாற்பது அங்குல நீளமுள்ள பழைய குழல்கள் உதவா. தோளுக்கு விரைந்து ஏறும் குறுகிய, பாரமற்ற துவக்கு வேண்டும். ஒன்று தவறினால் மற்றொன்று என இரட்டைக் குழலும் வேண்டும். 1787ஆம் ஆண்டிலே ஹென்றி நொக் என்னும் கம்மியர் குழலின் அடிப்புறத்தைப் புதுமுறையில் அமைத்தார். நெருப்பு, மருந்தின் ஓரத்தில் அன்றி நடுவிலே சென்று பற்றும்படி ஒரு சிற்றறையை அதற்குள் வகுத்தமையே அப்புதுமை. மருந்து விரைந்து எரிந்தமையால் நீண்ட குழலுக்குத் தேவையில்லாது போயிற்று; முப்பது அங்குலம் அளவே போதுமாயிற்று. மான்ரன் கடை திறந்தது இவ்வாறு வாசல் திறந்து கிடந்த வேளையிலேதான்.

1792ஆம் ஆண்டு முதலாக அவர் பெற்ற ஆக்கவுரிமைகள் பல. அவற்றுள் இரண்டை மாத்திரம் இங்கே விளக்குகின்றோம். ஏனெனில் அவ்விரண்டும் அவருடைய கூர்த்த மதியை நன்கு புலப்படுத்துவன.

முதலாவது, 1806ஆம் ஆண்டிற் பெற்றது. இரட்டைக் குழல்கள் இரண்டும் சேருமிடத்தில், மேற்புறத்தே நீளமாக ஓர் இரும்புப் பட்டி ஓடும். அதன் வழியே பார்த்துத்தான் குறி கொள்வர். பறந்தெழும் பறவைக்குக் குறிவைப்போர் பெரும்பாலும் அதன் காலுக்குக் கீழே சுட்டுவிடுகின்றனர் என்பதை மான்ரன் கண்டார். சுடுவோரைத் திருத்த அவர் முயலவில்லை, துவக்கைத் திருத்தினார். பட்டியின் பின்பாகத்தைச் சற்று உயர்த்தினார். கண் நேரே பார்க்கும்போது குழல் தானாகவே சிறிது மேல்நோக்கி நிற்கும். சன்னமும் சற்று உயரச் செல்லும். மனிதரின் பிழையை அளந்து அதனைக் கருவியிலே ஈடு செய்த இவ்வுபாயம் எத்துணை எளிது! ஆயினும் அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது, 1812ஆம் ஆண்டின் ஆக்கவுரிமை. இரட்டைக் குழல் துவக்கிலே ஒன்று சுடப்பட்ட பின்னர், மற்றையதில் மருந்து இருக்கும்போதே சுட்டதை மீண்டும் நிரப்புவர். துவக்கை நிமிர்த்திப் பிடித்து வாயருகே கையை வைத்து இடிக்கும் அவ்வேளையிலே, தவறி மற்றைக் குழல் வெடிக்குமாயின் கை போகும்; தலை போதலும் உண்டு. மான்ரன் பூட்டின் வெளிப்புறத்திலே ஒரு சிறு பாரத்தைத் தொங்க அமைத்தார். துவக்கு நிமிர்ந்து நிற்கும்பொழுது அப்பாரம் தன் எடையாலேயே சரிந்து குதிரையை அசையவொட்டாது தடுக்கும். துவக்கைக் கிடையாகத் தோளில் ஏற்றியவுடன் அது தானே விலகிவிடும். வேட்டைக்காரர் நினைவுகூர வேண்டியதும் தொடவேண்டியதும் யாதொன்றுமில்லை. பூமியின் ஈர்ப்பையே காவலாளாக வைத்தார் எனலாம். நியூற்றன் பயின்ற ஊரிற் பிறந்தவர் அல்லரோ!

இவையன்றிப் பற்றுவாய்க்குத் துருவேறாத பிளாற்றினம் இடுதல், ஈரம் புகாத கிண்ணம் முதலிய நுணுக்கங்கள் அக்காலத்துச் சிறந்த கம்மியர் பலர்க்கும் பொதுவானவை. மான்ரனைப் பிறரிலிருந்து பிரித்தது அவர் வேலையின் முடிவே. அவருடைய குழல்கள் எவ்வாறு பிறந்தன என்பதைச் சொன்னால் இளைய மாணவர் வியப்பர். குதிரை இலாடத்தில் அடித்துத் தேய்ந்து கழித்த ஆணித் துண்டுகளைத் திரட்டி, உலையிற் காய்ச்சி ஒன்றாக்கி, நாடாவாக நீட்டி, அந்நாடாவை ஒரு கோலின்மேற் கயிறு சுற்றுவதுபோலச் சுற்றி, ஓரத்தோடு ஓரம் பொருந்த அடித்து ஒட்டுவர். பலமுறை அடிபட்ட ஆணியிரும்பு மாசு நீங்கி மிக்க வலிமையுற்றிருக்கும். அன்றியும், பிளவு ஏற்படத்தக்க நேர்கோட்டு ஒட்டு எங்கும் இராது. ஒட்டெல்லாம் குழலைச் சுற்றியே செல்லும். பின்னர் அரத்தாலும் அமிலத்தாலும் மெருகிட, மேற்புறத்தே நீரலைபோன்ற கோலங்கள் தோன்றும். மான்ரனுக்கு இவ்வாறு குழல் செய்தளித்தவருள் சாள்ஸ் லங்காஸ்ரர் என்பார் தலைசிறந்தவர்.

குழல் செய்பவர் ஒருவர், பூட்டு அராவுபவர் ஒருவர், வால்நட் மரத்திற் கட்டை கடைபவர் ஒருவர், சித்திரம் கொத்துபவர் ஒருவர் எனப் பல கைகள் கூடியே ஒரு துவக்கு உருவாகும். அவ்வளவு கைகளும் ஒரு கைபோல் இயங்கச் செய்வதே தலைவரின் திறம். மான்ரனின் துவக்கிலே பூட்டு மரத்தினுள் அமர்ந்த இடத்தில் மயிரிழை நுழையாது. சித்திர வேலை மிகுதியாய் இராது. இங்கே ஒரு பூங்கொடி, அங்கே ஒரு பறவை, அம்மட்டே. அவருக்கு முற்பட்டோர் பொன்னும் வெள்ளியும் பதித்துப் பெற முயன்ற அழகை, அவர் அளவாலும் வடிவாலும் பெற்றார். ஏழு இறாத்தலுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ எடையுள்ள அத்துவக்கைக் கையில் ஏந்தினால், பாரம் முழுவதும் இரு கைகளுக்கும் நடுவே வந்து நிற்கும். பிற்காலத்து இரட்டைக் குழல் துவக்குகள் பின்புறமாக மடிந்து திறப்பனவாய், பித்தளைத் தோட்டா இடுவனவாய் எவ்வளவோ மாறிய போதிலும், அவற்றின் தோற்றக் கோடுகள் மான்ரன் வகுத்தவையே என்பது பார்ப்போர்க்கு உடனே விளங்கும்.

டேவிஸ் வீதிக் கடை பிரபுக்கள் கூடுமிடமாயிற்று. அங்கே குறிபார்த்துச் சுடுதற்கு ஒரு கூடமும் இருந்தது. கவிஞர் பைரன் பிரபு அங்கே கைத்துப்பாக்கி பழகியவர். தம் குறி தவறாமை குறித்து அவர் கொண்டிருந்த பெருமிதம், தம் கவிதை குறித்துக் கொண்டிருந்ததிற் குறைந்ததன்று. இருவர் எதிரெதிர் நின்று சுடும் இழிந்த வழக்கத்துக்கும் மான்ரன் சகோதரர் கைத்துப்பாக்கிகள் செய்து விற்றனர் என்பதை நாம் மறைத்தல் தகாது. அவையும் குறி தப்பாதன என்பதே அவற்றுக்கு இருந்த பெயர்.

மான்ரனின் புகழை நூலில் ஏற்றியவர் பீற்றர் ஹோக்கர் என்னும் படைத்தலைவர். 1809ஆம் ஆண்டிலே ஸ்பெயின் நாட்டுத் தலவேராப் போரிற் புண்பட்டுப் படைசேவையை விட்ட அவர், எஞ்சிய காலம் முழுவதையும் காட்டுத் தாராவின் பின்னாலும் கௌதாரியின் பின்னாலும் கழித்தார். இளைய வேட்டையாளருக்கென 1814ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் பல பதிப்புக் கண்டது. பலருடைய துவக்குகளையும் சோதித்து ஒப்பிட்டவரான அவர், மான்ரனின் துவக்குக்கே முதலிடம் கொடுத்தார். அதன் விலையோ, சிறந்த இரட்டைக் குழலுக்கு அறுபது எழுபது கினி. ஒரு கினி என்பது இருபத்தொரு சிலின். தொழிலாளி ஒருவர் ஓராண்டு முழுவதும் உழைத்தாலும் அத்தொகையை ஈட்டுதல் அரிதாயிருந்த காலம் அது.

இத்துணை விலைக்கு விற்றவர் ஏழையானது எங்ஙனம்?

முன்னமே சொன்னோம், மனம் ஓரிடத்தில் நில்லாதவர் என்று. வாலிபராய் இருந்தபோதே, பீரங்கிக் குண்டுக்கு மரத்தாற் கிண்ணம் அமைத்து, வரியிட்ட குழலிலே செலுத்தும் முறை ஒன்றை வகுத்து அரசாங்கத்தின் படைக்கலச் சபையை அணுகினார். சோதனைகளும் நடந்தன. ஆனாற் பரிசுத்தொகை பற்றிய பேரம் படியவில்லை, கசப்பே எஞ்சிற்று. பின்னர், காற்றகற்றிய பெட்டியினுள்ளே கடிகாரத்தை இயக்கும் முறை ஒன்றுக்கும் ஆக்கவுரிமை பெற்றார். கடற்பயணத்துக்குத் திட்பமான கடிகாரம் இன்றியமையாதது என்பது உண்மையே. ஆயின், துவக்குக் கடையின் வருவாய் அதன்பொருட்டுக் கரைந்ததும் உண்மை.

எனினும் அவரை வீழ்த்தியது வேறு. ஸ்கொத்லாந்தின் அபடீன் நகருக்கு அண்மையிலே பெல்ஹெல்வி என்னும் ஊரில் அலெக்சாந்தர் போர்சைத் என்னும் கிறித்தவ குருவானவர் ஒருவர் இருந்தார். அவரும் பறவை சுடுதலில் விருப்புடையவர். கிண்ணத்து மருந்து பற்றும் ஒளியைக் கண்ட மாத்திரத்தே நீர்ப்பறவைகள் தண்ணீருள் மூழ்கிவிடுவதைப் பலகாற் கண்டு சலித்து, பொறியே வேண்டாத வழி ஒன்றை நாடினார். தட்டினாலே வெடிக்கும் இரசாயனப் பொடிகள் அப்போது அறியப்பட்டிருந்தன. அப்பொடியிற் சிறிதளவைப் பற்றுவாயருகே வைத்துச் சுத்தியலால் அடித்தால், அந்நெருப்பு நேரே உட்செல்லும். இடைவெளி ஏறக்குறைய ஒழிந்தது, மழையும் தோற்றது. 1807ஆம் ஆண்டிலே அவர் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அந்தப் பத்திரத்தை வரைவதற்கு அவருக்குத் துணைநின்றவர் நீராவி இயந்திரத்தாற் புகழ்பெற்ற யேம்ஸ் வாற். வரைந்த கை அத்தகையது ஆகையால், குறித்த ஒரு பொறியை மாத்திரமன்றித் தட்டி வெடிக்கும் பொடியாலே துவக்கைப் பற்றவைக்கும் முறை முழுவதையுமே அப்பத்திரம் வளைத்துக் கொண்டது.

மான்ரன் வாளாவிருக்க இயலாதவர். போர்சைத்தின் பொறி வாசனைத் தைலச் சிமிழ் போன்ற உருவுடையது. ஒரே சிமிழுள் பல வெடிக்குப் போதுமான பொடி அடைக்கப்பட்டிருந்தமையால் அபாயமும் உடையது. பொடியைச் சிறு உருண்டையாக்கி ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொன்றாக இடும் முறையை மான்ரன் கண்டு, 1816ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். பொறியளவில் அது போர்சைத்தினதிலும் மேலானதே. போர்சைத் வழக்குத் தொடுத்தார், வென்றார். மான்ரனிடத்து அன்புடையோர் அத்தீர்ப்பைக் குறைகூறுவர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். செய்நேர்த்தி மான்ரனுடையது, எண்ணமோ குருவானவருடையது. எண்ணத்துக்குரியவர் தம் உரிமையைக் காத்துக்கொண்டதிற் குற்றம் காண்பதெங்ஙனம்? மான்ரன் தாமும் தம் ஆக்கவுரிமைகளின் பேராற் பிறரை எச்சரித்து வந்தவரே.

தோற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. 1818ஆம் ஆண்டிலே, மெல்லிய செப்புக் குழாய் ஒன்றினுள்ளே வெடிபொடியை அடைத்து, அக்குழாயின் ஒரு முனையைப் பற்றுவாயினுட் செருகி, மறுபுறத்தைச் சுத்தியலால் அடிக்கும் முறையைக் கண்டார். இப்பூட்டு அமைந்த துவக்குகளே அவர் கைவண்ணத்தின் உச்சி என்று பலர் கூறுவர். வெடியின் வேகத்திலே செப்புக் குழாய் சில வேளை பக்கத்தே சிதறி அருகில் நின்றோரைக் காயப்படுத்தும் என்பது அதன் குறை. 1821ஆம் ஆண்டிலே போர்சைத்தின் பதினான்காண்டு உரிமை முடிவுற்றது, தடை நீங்கிற்று. ஆனால் அதற்குள், சிறு தொப்பிபோன்ற செப்புக் கவிகையினுள்ளே பொடியை ஒட்டி, ஒரு முலைக்காம்பின்மேற் கவிக்கும் முறை பரவத் தொடங்கிவிட்டது. அதனைத் தாமே கண்டதாக உரிமை பாராட்டியோர் பலர்; ஹோக்கர்கூட அவர்களுள் ஒருவர். மலிவும் எளிமையும் உடைய அச்செப்புத் தொப்பியின் முன்னே மான்ரனின் நேர்த்திமிக்க குழாய் நிற்க மாட்டாதாயிற்று.

வழக்குச் செலவு, சோதனைச் செலவு, ஹனோவர் சதுக்கத்திலே அவர் எடுத்த பெருங்கடையின் செலவு என எல்லாம் ஒன்றுசேர்ந்தன. பெரிய மனிதர்க்குக் கடனாகப் பொருள் கொடுப்பது அக்காலத்து இலண்டன் வணிகரின் வழக்கம். பெரிய மனிதர் கடனை நினைவுகூர்வது அரிது என்பதை எந்நாட்டு வணிகரும் அறிவர். இந்நிலையிலே 1825ஆம் ஆண்டு டிசெம்பரில் இங்கிலாந்தின் பணச்சந்தை குலைந்தது. வங்கிகள் பல கதவடைத்தன. அடுத்த மாதம், 1826ஆம் ஆண்டு ஜனவரியில், யோசேப்பு மான்ரன் வங்குரோத்து அடைந்தவராக அறிவிக்கப்பட்டார். அறுபதாம் வயதை எட்டும் நேரம். பின்னர்க் கடனுக்காகச் சிறையும் புகுந்தார். வெளிவந்து மகனாருடன் சிறிய கடை ஒன்றை நடத்தியும் பழைய நிலை திரும்பவில்லை.

மான்ரனின் உண்மையான முதல் அவருடைய கணக்கேட்டில் இருக்கவில்லை, பட்டறையில் இருந்தது. யேம்ஸ் பேர்டி என்னும் இளைஞர் 1805ஆம் ஆண்டிலே மான்ரனிடம் வந்து, கட்டை கடையும் தொழிலில் அமர்ந்தார். மூன்றாண்டு மாத்திரமே அங்கிருந்தார். பின் போர்சைத்தின் கடைக்குச் சென்றார். 1814ஆம் ஆண்டிலே தாமே கடை வைத்தார். அக்கடை பிற்காலத்தில் அரச குடும்பத்தினர்க்கே துவக்குச் செய்யும் நிறுவனமாய் வளர்ந்து, 2014ஆம் ஆண்டில் இருநூறாண்டு நிறைவு கண்டது. யோசேப்பு மான்ரன் இல்லாதிருந்தால் நாமெல்லாம் வெறுங் கொல்லர்களாகவே இருந்திருப்போம் என்னும் கருத்துப்பட பேர்டி கூறுவாராம். போட்டிக் கடைக்காரராகிவிட்ட ஒருவர், பழைய முதலாளி நொடித்த பின்னரும் இவ்வாறு நன்றியோடு பேசியதை நாம் பெரிதாக மதிக்கின்றோம். ரொமஸ் பொஸ் என்பாரின் தந்தை மான்ரனிடம் வேலை செய்தவர். மகனார் நிறுவிய கடையும் உலகின் முதற்றரமான துவக்குக் கடைகளுள் ஒன்றாயிற்று. குழல் செய்தளித்த லங்காஸ்ரர், மான்ரன் நொடித்த 1826ஆம் ஆண்டிலேயே தம் பெயரிற் கடை திறந்தார். பிற்காலத்திலே துவக்கியல் நூல்களாற் பேர்பெற்ற வில்லியம் கிறீனர் அண்ணன் யோன் மான்ரனின் பட்டறையிலே பயின்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இலண்டன் துவக்கு என்றால் உலகம் கொடுத்த மதிப்பு, ஏறக்குறைய இந்த ஒரு குடும்பத்தின் பட்டறைகளிலிருந்து கிளைத்தது என்றால் மிகையாகாது.

மான்ரன் விட்டு நீங்கிய ஒக்ஸ்போட் வீதிக் கட்டடத்துக்கு 1826ஆம் ஆண்டிற் குடிவந்தவரும் பேர்டியே. குருவின் வாசலில் மாணாக்கரின் பெயர்ப்பலகை ஏறியது. அதனைக் கண்டு மான்ரன் வருந்தினாரோ மகிழ்ந்தாரோ, யார் சொல்வர்?

அண்ணன் யோன் 1834ஆம் ஆண்டிலே இறந்தார். அடுத்த ஆண்டு, 1835ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், இலண்டனின் மேடாகில் பகுதியில் யோசேப்பு மான்ரன் காலமானார். வயது அறுபத்தொன்பது. இரண்டாண்டுகளுக்கு முன் திறக்கப்பட்டிருந்த கென்சல் கிறீன் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். கல்லறைக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவர் ஹோக்கர். பிரபுக்கள் எத்தனையோ பேர் அவர் துவக்கைத் தோளில் ஏற்றினர்; இறுதிச் சொற்களை எழுத முன்வந்தவர், போரிற் புண்பட்டு வீடு திரும்பிய அப்படைத்தலைவரே.

அவர் பெயருக்கு மாத்திரம் வங்குரோத்து நேரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, பெல்ஜிய நாட்டில் மலிவாகச் செய்யப்பட்ட துவக்குகளிலும் மான்ரன் என்னும் பெயரைப் பொறித்து விற்றனர். அசலைக் கண்டிராத அயல்நாட்டார் அவற்றை நம்பி வாங்கினர். மயிரிழை நுழையாத பொருத்தத்தைத் தேடியவர்க்கு ஏமாற்றமே கிடைத்திருக்கும்.

எம் பக்கத்துக்கு அண்மையிலும் அப்பெயர் வாழ்ந்தது. யோசேப்பு உயிரோடிருந்த காலத்திலேயே, மான்ரன் குடும்பத்தவரான பிரெடெரிக் என்பார் கப்பலேறிக் கல்கத்தாவை அடைந்து அங்கே துவக்குக் கடை ஒன்றைத் தொடங்கினார். குடும்பத்தினர் கையை விட்டு நீங்கிய பின்னரும் அக்கடை மான்ரன் என்னும் பெயரையே தாங்கி, இருபதாம் நூற்றாண்டிலும் இந்தியாவெங்கும் அறியப்பட்டிருந்தது. இலண்டனிலே றிக்பி என்னும் கடையார் செய்த நெடுந்துவக்கு ஒன்று 1905ஆம் ஆண்டிலே கல்கத்தாவின் மான்ரன் கடைக்கு அனுப்பப்பட்டது. குமாவூன் மலைநாட்டிலே நானூறுக்கு மேற்பட்ட மனிதரைக் கொன்று தின்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் புலியை 1907ஆம் ஆண்டில் யிம் கோர்பெற் வீழ்த்தியபோது, அவருக்குப் பரிசாக அம்மாகாணத்துத் துணைநிலை ஆளுநர் ஹீவெற் துரை வழங்கியது அந்தத் துவக்கையே. கோர்பெற் அதனைப் பல்லாண்டு தம்முடன் கொண்டு திரிந்தார்.